பாட்டெழுதியவர்களின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

‘எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் மாதம் ஒரு ஞாயிறு "பாடல் பிறந்த கதை" என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம். இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கதைதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பாட்டெழுதினவங்க யாரும் இல்லையா? வாட்ஸ்அப்பில் வரும் கதைகளை நம்பிச் சொல்லலாமா?’ என்று மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்.

இருக்கிறார் தம்பி. மயிலாடிக்காரர், பெயர் ஜான் பால்மர். 1812இல் பிறந்தார், 1883இல் மறைந்தார். கிறிஸ்துவின் வாழ்க்கையை விருத்தப்பாவில் ‘கிறிஸ்தாயனம்’ என்ற காப்பியமாகப் பாடினார். அது 1865இல் வெளிவந்தது. ‘மேசியா விலாசம்’, ‘சத்திய வேத சரித்திரக் கீர்த்தனை’ என்று வேறு நூல்களும் உண்டு. நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று உங்கள் கூட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள். ‘அமேசிங் கிரேஸ்’ எழுதிய ஜான் நியூட்டனைத் தெரிந்த கைகள் உயரும். பால்மருக்கு மயிலாடிப் பிள்ளைகளே கை தூக்குவார்களா என்பது சந்தேகம்.

அவர் எழுதியதன் கனம் புரிய வேண்டுமானால் தேதிகளைக் கொஞ்சம் அடுக்கிப் பார்க்க வேண்டும். மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் தஞ்சாவூருக்குப் போய், அங்கே லுத்தரன் மிஷனில் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆகித் திரும்பியது 1800ஐ ஒட்டி. அவருடைய அழைப்பின் பேரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது 1806. ஆலயம் எழுந்தது 1809. பால்மர் பிறந்தபோது அந்தச் சபைக்கு வயது ஆறு. பின்னால் மீட் ஐயர் காலத்தில் மிஷனின் மையம் நாகர்கோவிலுக்கு மாறியது. செமினரி வந்தது, அச்சுக்கூடம் வந்தது. திருவிதாங்கூர் ராஜ்யத்திலேயே முதல் அச்சுக்கூடம் அது. இதே ஆண்டுகளில்தான் தோள்சீலைக் கலகமும் விட்டுவிட்டு எரிந்தது. பெண்கள் மேலாடை அணிய அரசு விளம்பரம் வந்தது 1859இல். அதற்கு ஆறே ஆண்டு கழித்து, இந்த மண்ணிலிருந்து ஒருவர் இலக்கணம் தவறாமல் ஒரு காப்பியத்தை அச்சேற்றுகிறார். சட்டை போடலாமா கூடாதா என்று ஒரு பக்கம் வழக்கு நடந்த ஊரில், மறுபக்கம் ஒருவர் எதுகை மோனை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியம் என்றதும் எல்லோரும் சொல்வது ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. அது வந்தது 1894. பால்மர் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு முந்திக்கொண்டார். முந்தியவர் என்பதற்காகவே பெரியவர் என்று நான் சொல்ல மாட்டேன். கவித்துவத்தில் பிள்ளைதான் மேல். கம்பனை ஊறவைத்துக் குடித்தவர் அவர். ஆனால் ஊர்க்காரனை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நினைக்காமல் விடுவது நியாயமில்லை.

கிருஷ்ண பிள்ளையையும் நீங்கள் பாதி நம்மவராகவே எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிக் கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது மனம் திரும்பி, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பிற்காலத்தில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்று தொடங்கி, ஒவ்வொரு செய்யுளின் முடிவிலும் ‘உன்னையல்லால் எனக்கு ஆர்துணை யாருறவே’ என்று வந்து விழுமே, அது அவர் பாட்டு. சத்து, நிஷ்களம், சாமியம் என்று தத்துவச் சொற்களாக அடுக்கிவிட்டு, கடைசியில் பிள்ளை தாயைக் கூப்பிடுகிற எளிமைக்கு இறங்குகிறார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த முதலடி புரியாது. ஆனாலும் மனப்பாடமாகத் தெரியும். அதுவே பாட்டின் வெற்றி.

நம்மவர்கள் ஏன் மறந்துபோனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டுக்கு மேலே ராகம் இருக்கும், தாளம் இருக்கும். எழுதினவர் பெயர் பெரும்பாலும் கீழே சின்ன எழுத்தில், சில பதிப்புகளில் அதுவும் இல்லை. பாடுகிறவனுக்கு வேண்டியது ராகமும் தாளமும்தான் என்று அச்சிட்டவர்கள் நினைத்திருப்பார்கள். அந்தக் காலத்துச் சபையில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. உபதேசியார் பல்லவியை ஒருமுறை பாடுவார், ஜனம் திருப்பிப் பாடும். அனுபல்லவி, சரணம் என்று போய், மறுபடி பல்லவிக்கு வரும்போது எல்லோர் வாயிலும் பாட்டு ஏறியிருக்கும். கையில் புத்தகம் வேண்டாம். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டு அப்படி இல்லை. அது அடுத்தடுத்த அடிகளாக நேரே போகும், திரும்பி வராது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியர்கள் தொடங்கி, பெப்ரீசியுஸ் ஐயர் (1711–1791) செம்மையாக்கி வைத்தது அந்த மரபு. இரண்டும் நம் ஆலயங்களில் அடுத்தடுத்துக் கேட்கும்: ஆர்கன் வாசித்துக் கொயர் நாலு குரலில் பாடும் பாமாலை, அதன் பிறகு தபேலாவோடு கீர்த்தனை.

கீர்த்தனை மரபுக்கு மூலவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் கதையை நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். பிறந்தது திருநெல்வேலியில். பன்னிரண்டு வயதை ஒட்டி மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துப் போனார். பின்னால் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அவரும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள். குறவஞ்சி என்ற நாடக வடிவத்தைத் தூக்கிப் பெத்லகேமுக்குக் கொண்டுபோய் ‘பெத்லகேம் குறவஞ்சி’ செய்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் முதல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டபோது அதற்கு ஆதாரமாக இருந்தவை சாஸ்திரியார் பாட்டுகள்தான்.

இவ்வளவும் மேடையில் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இது: புதிதாக வந்த மிஷனரிகள் ஆலயத்தில் சாதி வாரியாக உட்காரக் கூடாது, இராப்போஜனப் பாத்திரத்தில் வேற்றுமை கூடாது என்று சொன்னபோது, சாஸ்திரியார் அதை எதிர்த்தார். சாதி ஆசாரத்துக்காக வாதாடி 1820களின் இறுதியில் எழுதவும் செய்தார். அந்தச் சண்டையில் மிஷன் வேலையும் போயிற்று. அவர் பக்கம் வேறு நியாயங்களும் இருந்தன: தமிழ்ச் சங்கீதத்தையும் பூ அலங்காரத்தையும் புறமதச் சடங்கு என்று தள்ளிய மிஷனரிகளோடு அவருக்கு ஏற்பட்ட மோதலில் நான் அவர் கட்சி. சாதி விஷயத்தில் இல்லை. வேதமாணிக்கம் ஞானஸ்நானம் பெற்றது அதே தஞ்சை மிஷனில், அதே காலத்தில். அவர் வழி வந்த சபைகளில் உட்கார்ந்து சாஸ்திரியார் கீர்த்தனையைப் பாடுகிறோம். பாட்டை நிறுத்த வேண்டாம். ஆனால் வாலிபர் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் மறைத்தால் பிறகு ஒருநாள் அவர்களே படித்துத் தெரிந்துகொண்டு உங்களைத்தான் கேட்பார்கள்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. வெள்ளைக்காரர் கதைகளில் நம்பத்தக்கது எவ்வளவு?

ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் கதையில் அடிமைக் கப்பல் மாலுமி புயலில் மாட்டுகிறான், மனம் திரும்புகிறான், அடிமை வியாபாரத்தை அன்றே விடுகிறான், ‘அமேசிங் கிரேஸ்’ எழுதுகிறான். நடந்தது வேறு. புயல் 1748 மார்ச்சில். அதன் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனே ஆனார். 1754 வரை அந்தத் தொழிலில் இருந்தார், அதையும் உடம்பு சரியில்லாமல் போய்த்தான் விட்டார். கேப்டனாகக் கப்பலில் ஜெபம் நடத்திக்கொண்டு, கீழ்த்தட்டில் மனிதரைச் சங்கிலியில் போட்டுக்கொண்டு போனவர் அவர். பாட்டு எழுதியது ஓல்னி என்ற ஊரில் போதகராக இருந்தபோது, 1773 புத்தாண்டு ஆராதனைக்காக. அடிமை வியாபாரம் தப்பு என்று வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலுக்கும் அதற்கும் நடுவே நாற்பது வருஷம். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடைசெய்த 1807இலேயே அவரும் இறந்தார். நாம் இன்று பாடும் மெட்டை அவர் கேட்டதே இல்லை. அமெரிக்காவில் 1835இல்தான் அந்த மெட்டு இந்த வரிகளோடு சேர்ந்தது.

ஒரே ராத்திரியில் மாறினவன் கதையைவிட இந்த நாற்பது வருஷக் கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மனசாட்சி என்பது மெதுவாக விழிக்கும், விழித்த பிறகும் நாலு பேர் முன்னால் சொல்ல இன்னும் நாளாகும் என்று அது காட்டுகிறது. சாஸ்திரியாரையும் நியூட்டனையும் ஒரே ஞாயிற்றில் வைத்துப் பேசினால் நல்ல விவாதம் கிடைக்கும்.

‘இட் இஸ் வெல் வித் மை சோல்’ எழுதிய ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் கதை பெரும்பகுதி உண்மை. 1873இல் கப்பல் மூழ்கி நான்கு பெண்பிள்ளைகள் போனார்கள், மனைவி மட்டும் பிழைத்துத் தந்தி கொடுத்தார். பாட்டை அந்தக் கடலைக் கடக்கும்போதே எழுதினார் என்று பின்னால் பிறந்த மகள் பிற்காலத்தில் எழுதினார். ஸ்பாஃபோர்டோடு பழகிய பாடகர் சாங்கியோ 1876இல் சிகாகோவில் எழுதப்பட்டது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ‘அந்த இடத்தைக் கடக்கும்போது பேனாவை எடுத்தார்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். மெட்டமைத்த பிலிப் பிளிஸ் அதே 1876 டிசம்பரில் ரயில் பாலம் உடைந்த விபத்தில் 38 வயதில் இறந்தார் என்பது பலரும் சொல்லாத பகுதி.

‘பிளவுண்ட மலையே’ பாட்டின் மூலத்தை எழுதிய டாப்லேடி, மழைக்குப் பாறைப் பிளவில் ஒதுங்கியபோது சீட்டுக்கட்டுச் சீட்டில் எழுதினார் என்ற கதை அழகானது. அவர் 1778இல் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தே அந்தக் கதை கிளம்பியது. விட்டுவிடுங்கள்.

‘பாவ சஞ்சலத்தை நீக்க’ பாட்டுக்குரிய ஜோசப் ஸ்கிரிவன் கதையைச் சொல்லுங்கள். அயர்லாந்துக்காரர். 1843இல் கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் தண்ணீரில் மூழ்கிப் போனாள். கனடாவுக்குப் போய், ஏழைகளுக்குக் கூலியில்லாமல் விறகு அறுத்துக் கொடுத்து வாழ்ந்தார். நோயில் கிடந்த அம்மாவுக்கு ஆறுதலாக 1855இல் எழுதி அனுப்பிய வரிகள் அவை. பெயர் போடவில்லை. பாட்டு உலகமெல்லாம் போன பிறகும் எழுதியவர் இன்னார் என்று நெடுநாள் யாருக்கும் தெரியாது. நம் ஊர்களில் அடக்க ஆராதனையில் இதைப் பாடாத வீடு உண்டா?

ஃபேனி கிராஸ்பியைப் (1820–1915) பற்றிப் பேசும்போது கண் தெரியாதவர் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் ஒரு தொழில்முறைப் பாடலாசிரியர். பதிப்பகத்துக்காக எழுதினார், பாட்டுக்கு ஓரிரு டாலர் கூலி. எட்டாயிரத்துக்கு மேல் எழுதியதால் ஒரே பெயர் புத்தகம் முழுக்க வரக் கூடாது என்று புனைபெயர்கள் பலவற்றில் போட்டார்கள். பதிப்பாளர் பணக்காரர் ஆனார், அவர் ஆகவில்லை. பாட்டு ஆவியானவர் தருவது என்று மட்டும் சொல்லிப் பழகிய நமக்கு, அது உட்கார்ந்து செய்யும் வேலையும்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டில் ஸ்டுடியோ வாடகை கட்டமுடியாமல் தவிக்கிற பாடகனையும் அப்போது வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

மார்த்தாண்டம் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். விளவங்கோடு, கல்குளம் சபைகளில் பாட்டுக்கு எல்லை கிடையாது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் அம்மச்சிமார் வாயிலிருந்த மலையாளப் பாட்டு சேரவும் இல்லை பிரியவும் இல்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) நாகர்கோவில் செமினரியில் படித்தவர். கர்நாடக மெட்டில் மலையாளக் கீர்த்தனை எழுதிய அவருடைய ‘நின்றெ ஹிதம்போலெ என்னெ’ நம் மேற்குச் சபைகளில் இன்றும் கேட்கும். துக்க வீட்டில் பாடும் ‘சமயமாம் ரதத்தில்’ பாட்டை எழுதிய நாகல் ஐயர் ஜெர்மானியர். 1893இல் பாசல் மிஷன் சார்பில் கண்ணூருக்கு வந்து, மலையாளத்தையே தன் பாட்டு மொழியாக்கிக்கொண்டார். 1914இல் ஊருக்குப் போனவரை முதல் உலகப் போர் அங்கேயே நிறுத்திவிட்டது. திரும்ப வரமுடியாமலே 1921இல் ஜெர்மனியில் இறந்தார். சாது கொச்சுகுஞ்ஞு உபதேசி (1883–1945) இன்னொருவர். ‘துக்கத்தின்றெ பானபாத்ரம்’ மகனைப் பறிகொடுத்த துயரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டு. இந்த மூவரையும் உங்கள் சபையில் வயசான அம்மச்சி ஒருவரைப் பாடச்சொல்லியே அறிமுகம் செய்யலாம், யூடியூப் வேண்டாம்.

கத்தோலிக்க நண்பர்களையும் ஒருநாள் கூப்பிடுங்கள். நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரோமில் 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் தந்தார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்க்காரர்கள் அவரை நாடகமாகவும் அம்மானையாகவும் பாடி வைத்திருந்தார்கள். எழுதினவர்களின் வாழ்க்கை நமக்குக் கிடைப்பதில்லை. பாட்டின் வாழ்க்கை கிடைக்கிறது. கடற்கரை ஊர்களில் தவக்காலத்தில் படிக்கும் ‘வியாகுலப் பிரசங்கம்’ மட்டும் ஆசிரியர் பெயரோடு வருகிறது. கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய் அங்கே தமிழ் கற்ற ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) எழுதியது அது. கொங்கணி பேசிப் பிறந்தவர் எழுதிய தமிழைக் கேட்டு மீனவத் தாய்மார் அழுகிறார்கள்.

கதையைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். பாட்டு முதலில் அச்சான வருஷம் என்ன, அந்தக் கதை முதலில் அச்சான வருஷம் என்ன என்று தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது அறுபது வருஷ இடைவெளி இருந்தால் ‘இப்படி ஒரு கதை சொல்வார்கள்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். மெட்டு யாருடையது என்று தனியாகப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான். உள்ளூர் ஆட்களுக்குச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல், நூற்றாண்டு மலர் மூன்றும் போதும். நூற்றாண்டு மலரில் புகழ்ச்சியைக் கழித்துவிட்டு வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருப்பவர்கள், சமீபத்தில் மறைந்தவர்கள் பாட்டுகளைப் பற்றிச் சொல்லலாமா என்றும் யோசிப்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். சென்னையில் சபை நடத்தி, தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடிய சாரா நவரோஜி அம்மையாருக்கு ஒரு ஞாயிறு கட்டாயம் ஒதுக்குங்கள்; பெண்கள் பாட்டெழுதினால் சபை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் அப்போது பேசலாம். நிகழ்ச்சியைப் பதிவுசெய்து வெளியிடுவதாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. பால்மர், கிருஷ்ண பிள்ளை, சாஸ்திரியார், கொச்சுகுஞ்ஞு உபதேசி பாட்டுகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் குடும்பத்திடமோ ஊழியத்திடமோ ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்கும்போதே அவர்கள் வாழ்க்கை விவரத்தையும் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள்.